தொட்டிக்கு எதிரே ஒரு கட்டில்

எங்கள் படுக்கையறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் கோரல் என்கிற உயிருள்ள கடல் பவளங்கள் வளர்கின்றன. ஹாலில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும், ஏசி இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறிவிடும் என்று என் கணவர் அதை எங்கள் கட்டில்களுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினார். ஆகா, இனிமேல் பகலில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான்தான் பசை தடவிக் கொடுத்தேன். என்னைப் போல ஓர் அசடு உண்டா?

நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். காலையில் வந்து சமைத்து, அவரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, துணி துவைத்துப் போட்டுப் படுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கண் சொக்குகிற நேரம் பார்த்துத் தொட்டி விளக்கு தானாக எரியத் தொடங்கும். முதலில் நீலம், பிறகு வெள்ளை, அப்புறம் மூடிய இமைக்குள்ளும் புகுந்து குடைகிற வெளிச்சம். அது அணைவது ராத்திரி பத்து மணிக்கு. அப்போது நான் வார்டில் நின்றுகொண்டிருப்பேன்.

பவளத்தின் விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. புதிதாக ஒன்று வந்தால் முதலில் அடியில், மணல்மேல், நிழலில்தான் வைப்பார். "சட்டுன்னு மேல வச்சா வெளுத்துப் போயிடும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிச்சத்துக்குப் பழக்கணும்" என்பார். இரண்டு பவளங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விடுவார். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கொட்டிக் கொன்றுவிடுமாம்.

ஒருநாள் தாங்க முடியாமல் தொட்டிமேல் போர்வையைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். "அதுங்களுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கில்ல? உடம்பு கெட்டுடாதா?" என்று கண் கலங்கிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கண் எனக்காகக் கலங்கி நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஒருவருக்கு ஏற்ற வேண்டிய மருந்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏற்றப் போனேன். கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள். மேட்ரன் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்" என்றார். அதுகூடப் பெரிதில்லை. அந்த மனிதர் என்னை நம்பிச் சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். அதுதான் நெஞ்சை அறுத்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னங்க, லைட்டைச் சாயங்காலம் ஆரம்பிச்சு விடிய விடிய எரியவிடுங்களேன். கோரலுக்கு மணி பார்க்கவா தெரியும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"பண்ணலாம். மெதுவா மாத்தினா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ராத்திரி பூரா லைட் எரிஞ்சா நான் எப்படிம்மா தூங்கறது?"

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் சேர்த்துப் போட்டிருந்த இரண்டு கட்டில்களில் என்னுடையதை மட்டும் தனியே பிரித்து ஹாலுக்கு இழுத்துப் போட்டேன். அங்கே வெயிலும் ஹார்ன் சத்தமும் மாறி மாறி எழுப்பின. எழுப்பட்டும். மனுஷன் வந்து ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

வந்தார். ஹாலில் கிடந்த கட்டிலைப் பார்த்தார். அறைக்குள் போய்க் காலியாக இருந்த தரையைப் பார்த்தார். அலமாரியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா."

பழக்க தோஷம், போய்ப் பிடித்தேன். அவர் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"அஞ்சடித் தொட்டி தாராளமா வரும்!" முகமெல்லாம் பல்.

நான் கையை விட்டேன். டேப் சடாரென்று சுருண்டு போய் அவர் விரலைப் பதம் பார்த்தது.

"ஐயோ! பாத்துப் பிடிக்கக் கூடாதா?"

"தூக்கக் கலக்கம்ங்க" என்றேன்.