தொட்டிலடிக் கத்தி

அனுசியா போன் செய்தபோதே எனக்கு உறுத்தியது. கல்யாணமானதிலிருந்து என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத தம்பி மனைவி அவள். "மைனி, குத்தாலத்துல சீசன் டூட்டி போட்டிருக்காவளாமே. லாட்ஜுல எதுக்குக் கெடக்கீய? இங்கன வந்து தங்குங்க" என்றாள். பிள்ளை பெற்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நாத்தனார் மேல் என்ன திடீர்ப் பாசம்? நான் போலீஸ் ஏட்டு. காரணமில்லாத பாசத்தை நம்பிப் பழக்கமில்லை.

இருந்தாலும் குற்றாலத்துக்குப் பக்கத்தில், இலஞ்சியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி சுபாஷ் ராணுவத்தில், எங்கோ எல்லையில் இருந்தான். அனுசியாவுக்குத் தாய் இல்லாததால் பேறுகாலம் பார்த்தது எங்கள் அம்மா குருவம்மாள்தான். எல்லாம் முறைப்படி செய்திருந்தாள். காத்துக் கருப்பு அண்டாமலிருக்கத் தொட்டிலுக்கடியில் ஒரு கத்தியும் வைத்திருந்தாள். பச்சைப்பிள்ளை பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்தக் கத்தி காணாமல் போனது.

எலி இழுத்திருக்கும் என்றாள் அம்மா. கத்தி இழுக்கிற எலியை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. வேறு கத்தி வைத்தாள். அதுவும் போயிற்று. "வீட்டுக்குள்ள என்னமோ நடமாடுதுட்டி" என்று பயந்து, தோப்பு அரிவாளையே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

நடமாடுவது யாரென்று எனக்குத் தெரியாதா? அருவியில் பெண்கள் கூட்டத்துக்குள் சங்கிலி அறுக்க நுழைந்தவளைக் கண்ணை வைத்தே பிடித்துவிடுவேன். அந்தத் திருட்டு முழி அனுசியாவிடம் இருந்தது. பிள்ளை அழுதால் ஓடி வருவாள், தொட்டிலை நெருங்கியதும் நின்றுவிடுவாள். "அத்தை, நீங்க தூக்குங்க" என்பாள். குளிப்பாட்டக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெண்பிள்ளை என்று பிடிக்கவில்லையா? மனதில் வேறு யாராவதா? கத்திகள் யார் கைக்குப் போகின்றன? தம்பியிடம் சொல்வதற்கு ஒரு கேஸையே ஜோடித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் டூட்டியை மாற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானமே வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டு அழுதது, தூக்க ஆளில்லை. தொட்டிலுக்கடியில் அரிவாளும் இல்லை.

பின்கதவு திறந்து கிடந்தது. தோப்பில், தென்னைமட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அனுசியா நனைந்துகொண்டு நின்றாள். துண்டில் சுற்றிய அரிவாளை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மட்டைகளுக்கு அடியில் தள்ளினாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"யாருக்குட்டி இதைக் குடுக்கே? சொல்லு!"

அவள் திமிறவில்லை. பிடிபட்டவர்கள் முகத்தில் நான் பார்த்தே இராத ஒன்று அவள் முகத்தில் தெரிந்தது. நிம்மதி.

"விட்டுராதீங்க மைனி. இறுக்கிப் பிடிங்க" என்றாள். "இதைப் பார்த்தாலே, என் கையே பிள்ளையை என்னமோ செய்யுத மாதிரி கண்ணுக்குள்ள ஓடுது. வேண்டாம் வேண்டாம்னாலும் நிக்க மாட்டேங்கு. நான் ஒளிச்சு வைக்க வைக்க, அத்தை பெருசாக் கொண்டாந்து வைக்காவ. ஆஸ்பத்திரியில நர்சம்மா மனசு எப்படி இருக்குன்னு கேட்டாவ. நான் வாயத் தொறக்கும் முன்ன, நல்லாத்தான் இருக்கான்னு அத்தை சொல்லிட்டாவ. வெளிய சொன்னா பிள்ளையைப் பிடுங்கிட்டு விரட்டிருவீங்களோன்னு பயம். அதான் உங்களக் கூப்பிட்டேன். நீங்க போலீசுல்லா? நான் ஏதும் செய்யப் போனா பிடிச்சிருவீங்கல்லா?"

குற்றம் செய்தவர்கள், செய்தபிறகு ஆயுதத்தை ஒளிப்பார்கள். இவள் நடந்துவிடக் கூடாதே என்று ஒளித்திருக்கிறாள். பிள்ளைக்குத் தன்னந்தனியாகக் காவல் நின்றவளை நான் வேவு பார்த்திருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று.

உள்ளே கூட்டிவந்து பிள்ளையைத் தூக்கினேன். அம்மா வந்து சேர்ந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்து, "பேய்க்கோளாறுதாம்ட்டி. மந்திரிக்கணும்" என்றாள்.

"இது பேயில்லம்மா, நோவு. இப்பவே அந்த நர்சம்மாட்ட போறோம். வீட்ல இருக்க கத்தி, அரிவாள் அம்புட்டையும் எடுத்துப் பூட்டு. இந்தத் தடவை கேட்டா அவளே பேசட்டும்."

தென்காசி போகும் ஆட்டோவில் பிள்ளை என் மடியில் பாலுக்கு அழுதது. அனுசியா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பால் சுரந்து சட்டை நனைந்திருந்தது. பிள்ளையை அவள் மடியில் வைத்தேன்.

"வேண்டாம் மைனி, பயமா இருக்கு."

"இருக்கட்டும். நான் பக்கத்துலதான இருக்கேன்."

ஒரு கையை மெதுவாக உருவிப் பிள்ளையை அணைத்தாள். மறுகையை என்னிடம் நீட்டினாள்.

"இறுக்கிப் பிடிங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.