தேவதாருவும் அடுப்புப் புகையும்

நிலக்ஷிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. நுவரெலியா ஹோட்டலின் வரவேற்பு மேசையில் அவளுடைய மூன்று மாதப் பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அங்கேயே நிரந்தரமாவாளா, பின்கட்டுச் சலவை அறைக்குப் போவாளா என்பதை மேற்பார்வையாளர் பிரியந்தி மிஸ் முடிவு செய்வார். வேலையில் ஒரு குறையும் இல்லை. அவள் மேல் புகை வாடை வீசியது, அவ்வளவுதான்.

மிஸ் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிங்களத்தில், தணிந்த குரலில்தான் சொன்னார். "கோவிச்சுக்காத. விருந்தாளிங்க கிட்டத்துல வந்து நிக்கிறாங்க. உன்கிட்ட குசினி வாடை அடிக்குது." திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கொட்டகலைக்கு மேலே, வருஷத்தில் பாதி நாள் மழையில் ஊறிக் கிடக்கும் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், அவளும் அம்மா நாகலெட்சுமியும் ஒற்றை அறையில் இருந்தார்கள். படுப்பதும் சமைப்பதும் அதற்குள்ளேயே. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை, மிலாறு என்பார்கள், அம்மா கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து எரிப்பாள். ஈர மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். துணியைத் துவைத்துவிடலாம். தலைமுடியில் ஏறியது லேசில் இறங்காது. மல்லிகை ஸ்ப்ரே ஒன்றை வாங்கி அள்ளித் தெளித்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்.

இத்தனைக்கும் ஹோட்டல் முன்கூடத்தில் பெரிய கணப்பு ஒன்று நாள் முழுக்க எரிந்துகொண்டிருக்கும். அதன் பக்கத்து நாற்காலிக்காக விருந்தாளிகள் காத்திருப்பார்கள். கம்பளிக் கோட்டில் ஏறிய புகையை முகர்ந்து பார்த்து ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வார்கள். அந்தப் புகைக்கும் தன் புகைக்கும் என்ன வித்தியாசம் என்று நிலக்ஷி கேட்டுக்கொள்வாள். பதில் தெரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த ஸஹ்லா, அங்கே தன் வாப்பாவின் அத்தர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகைய அடியோட கொல்ற மாதிரி ஒண்ணு குடு," என்றாள் நிலக்ஷி.

ஸஹ்லா மேசைக்கு மேலாகக் குனிந்து அவள் கழுத்தோரம் முகர்ந்தாள். "மல்லிகை போட்டியா?"

"போட்டேன்."

"அடிப் பாவி. செத்த வீடு மாதிரி இருக்குடி."

நிலக்ஷி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. விஷயத்தைச் சொன்னாள். ஸஹ்லா கேலியை நிறுத்திவிட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து குப்பிகளை எடுத்து வைத்தாள்.

"புகைய எதாலயும் கொல்ல ஏலாது. பூவையும் பழத்தையும் மேல கொட்டினா ரெண்டும் சண்டை போடும். புகைய அதோட சொந்தக்காரங்க பக்கத்துல உக்கார வச்சிரணும். புகைக்கு மரம்தான் சொந்தம்."

சந்தனம் பாலேடு மாதிரி மென்மையாக இருந்தது. ஆனால் புகை அதை மிதித்துக்கொண்டு மேலே வந்தது. அகிலை ஸஹ்லா திறந்து காட்டிவிட்டு உடனே மூடினாள். "இது மாப்பிள்ளைமாருக்கு. நீ வாசலுக்கு வர முன்னமே இது உள்ள போய் உக்காந்துக்கும்." வெட்டிவேர் ஈர மண்ணாக மணத்தது. "ஈரத்துலதானே கெடக்கேன், அதை வேற காசு குடுத்து வாங்கணுமா," என்றாள் நிலக்ஷி. கடைசியாகத் தேவதாரு கலந்த ஒன்றை ஸஹ்லா அவள் மணிக்கட்டில் பூசினாள். முதலில் எலுமிச்சை வந்தது. பின்னாலேயே, சீவின பென்சில்.

"இப்பவே முடிவு பண்ணாத. எலுமிச்சைய நம்பவே நம்பாத. அது வந்த வேகத்துல போயிரும். மரம் மெதுவாத்தான் பேசும், நம்ம குளிருக்கு இன்னும் மெதுவா. ஒரு மணித்தியாலம் சுத்திட்டு வா. அப்ப தோலுல என்ன மிஞ்சியிருக்கோ, அதுதான் நீ வாங்குறது."

நிலக்ஷி தூறலில் ஸ்டேஷன் வரை நடந்தாள். மேடைக் கூரைக்குக் கீழே நின்று, வராத ரயிலைப் பார்த்துக்கொண்டு கையை முகர்ந்தாள். புகை போகவில்லை. ஆனால் அது இப்போது ஒரு இடத்தில் அடங்கியிருந்தது. எங்கோ மலையுச்சியில் ஒரு மரவீடு, யாரோ தீ மூட்டிக் குளிர் காய்ந்துவிட்டுக் கிளம்பிப் போன வீடு என்று தோன்றியது. அப்படி ஒரு வீட்டில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை, சாவி வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக் கிழவி மேசையில் சாய்ந்து நின்று, என்ன வாசனை இது, எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மிஸ் பக்கத்தில்தான் இருந்தார். மூக்கைச் சுருக்கி, பிறகு மெல்ல உள்ளே இழுத்தார். கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மிஸ் மறுபடியும் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவளை நிரந்தரமாக்கும் கடிதம் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மிஸ் தன் மணிக்கட்டை நீட்டினார்.

"மோந்து பாரு. அதே கடை, அதே குப்பி. மூணு நாளாப் போடுறேன். என்கிட்ட வெறும் பென்சில்தான் வருது. நீ இதோட வேற என்ன சேர்க்கிற?"

பதில் நிலக்ஷியின் நாக்கு நுனி வரை வந்தது. எங்க வீட்டு அடுப்பு, மிஸ். குசினி வாடைன்னு சொன்னீங்களே, அதேதான். கடிதத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சேர்க்கலை மிஸ். தோலுக்குத் தோல் மாறும்னு கடையில சொன்னாங்க."

மிஸ் அவள் கையைச் சற்றுப் பொறாமையோடு பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "இதை மாத்திராத. இப்படியே வா."

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தாள். அறை முழுக்கப் புகை. கடிதத்தைக் காட்டியதும், எழுத்தைப் படிக்காமல் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமல் வந்து, அது நிற்கக் காத்திருந்தாள்.

"பெரிய ஹோட்டல்காரி வீட்டுல இன்னும் மிலாறா எரியும்?" என்று சிரித்தாள். "இந்த மாசம் ஒரு கேஸ் அடுப்பு எடுத்துருவோமாடி? புகைய விட்டாத்தான் நெஞ்சு தேறும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு."

எடுத்துவிடலாம்தான். இனி அதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. நிலக்ஷி தன் மணிக்கட்டை முகர்ந்தாள். வெறும் பென்சிலோடு திங்கட்கிழமை அந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்பதை நினைத்தாள்.

"அடுத்த மாசம் பாப்போம்மா."

அடுத்த மாதமும் இதையேதான் சொல்வோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

"சரிடி, என்ன அவசரம்," என்று அம்மா இருமிக்கொண்டே அடுப்பை ஊதினாள். நிலக்ஷி வேலைக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டைக் கழற்றி, அடுப்புக்கு நேர் மேலே போகும் கொடியில் விரித்துப் போட்டாள்.