ஜெகதீஸ்வரியின் பிஸ்கட் டின்

கிளினிக்கில் ஜெகதீஸ்வரிக்கு இருந்த நல்ல பெயர் வேறு யாருக்கும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவாள். நர்ஸ் நோர்மா மிஸ்ஸி ரத்தக் கொதிப்பைப் பார்த்துவிட்டு, "பாகுஸ் லா! ரொம்ப நல்லா இருக்கு!" என்று பாராட்டி, புத்தகத்தில் நூற்று முப்பது என எழுதுவாள். ஜெகதீஸ்வரி அந்தப் புத்தகத்தைப் பிள்ளையின் மார்க் ஷீட் போல எல்லோரிடமும் காட்டுவாள்.

தீபாவளிக்கு மட்டும் ஒட்டடை அடிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ஜாதி அவள். கிளினிக் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மாத்திரை உள்ளே போகும். மற்ற நாள் மாத்திரையெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள். தினமும் விழுங்கினால் கிட்னி போய்விடும் என்று பசாரில் காய் வாங்கும்போது யாரோ சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை, ஆறு வருடம் நடந்தது.

டத்தோ கிராமாட் பக்கம் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு வீடுகள். சமீபமாக, தெருமுனையில் திரும்பும் நேரத்தில் ஒரு பிள்ளை ஏதாவது கேட்டுவிட்டால் திருப்பமே தவறிப்போகும். நடையும் காலைத் தேய்த்தபடிதான். வயசாகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் வேனைத் தன் வீட்டு வாசலில் பூட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தாள். பின்னால் கண்ணாடி தட்டும் சத்தம். ஏழு வயது லைலா உள்ளே பின் சீட்டருகே நின்றிருந்தாள்.

"ஆண்ட்டி, தூங்கிட்டேன். என் வீடு போயிருச்சா?"

அந்த வெயிலில் இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால்? ஜெகதீஸ்வரி ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தாள். லைலாவைக் கூட்டிக்கொண்டு போய் அவள் அம்மா ரொஸ்னாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ரொஸ்னா பிள்ளையை அணைத்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்க்கா. ஆனா இனிமே அனுப்ப மாட்டேன்," என்றாள்.

அந்த வாரமே ஜெகதீஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே எடுத்த மூளை ஸ்கேனை டாக்டர் ஷாஹிரா திரையில் காட்டினார். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

"இது மூளைக்குள்ள சேதி கொண்டுபோற வயருங்க, அக்கா. பிரஷர் வருஷக்கணக்கா அடிச்சு, இதுக்கு ரத்தம் கொடுக்குற சின்னச் சின்னக் குழாயெல்லாம் தடிச்சுப் போச்சு. ரத்தம் பத்தாம வயரு கெட்ட இடந்தான் இந்த வெள்ளை. ஆனா உங்க புக்குல எல்லாம் அழகா இருக்கே?"

"புக்கு பொய் சொல்லுது, டாக்டர். நான்தான் சொல்ல வச்சேன்."

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். ஒன்றிலிருந்து ஏ, ஏயிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பி என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். ஜெகதீஸ்வரி நான்கோடு நின்றுவிட்டாள். பேனாவை வைத்துவிட்டு அழுதாள்.

"போன வயரு திரும்பாது. இனிமே போகாம பாத்துக்கிட்டா, மிச்சத்த வச்சு மூளை கொஞ்சம் தேறும். நான் சொல்ற வரைக்கும் வேன் ஓட்டக் கூடாது."

வேன் சாவி, ஜெகதீஸ்வரியின் அக்கா மகன் ஹரீஷிடம் போனது. காலையில் பல் தேய்த்ததும் மாத்திரை. உப்புக்குப் பயந்து கருவாடு வீட்டை விட்டே வெளியேறியது. அதற்காகப் புருஷன் புவனேஸ்வரன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தினமும் திடலைச் சுற்றி நடை. மாத்திரை தொடங்கும் முன் பார்த்த நூற்று எழுபதைக் கண்டு நோர்மா மிஸ்ஸி திகைத்தாள். ஜெகதீஸ்வரி அதை அப்படியே எழுதச் சொன்னாள். தடித்துப்போன குழாய்களுக்குப் பழைய மாத்திரை மட்டும் போதாமல் இரண்டாவது மருந்தும் சேர்ந்தது. எண் ஒவ்வொரு படியாக இறங்கி, நூற்று இருபத்தெட்டில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அதை யாரும் ஏமாற்றி உட்கார வைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து டாக்டர் பழைய ஸ்கேன், புதிய ஸ்கேன் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "புதுசா ஒண்ணுகூட இல்ல, அக்கா!"

அதே தாள் வந்தது. ஜெகதீஸ்வரி அவசரப்படவில்லை. ஒன்று, ஏ, இரண்டு, பி என்று வீடு வீடாகப் பிள்ளை இறக்குவதுபோலக் கடைசி வரை போய்ச் சேர்ந்தாள். டாக்டர் அவள் எடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார், இனி வேன் ஓட்டலாம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜெகதீஸ்வரி வேனை எடுத்தாள். மத்தியானம் கடைசிப் பிள்ளை இறங்கியதும், எழுந்து போய் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று ரொஸ்னா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை ரொஸ்னா வாசலில் நின்று கை காட்டினாள். வேன் நின்றது. அவளே கதவைத் திறந்து லைலாவை ஏற்றினாள்.

"நான் எங்கே உக்காரட்டும், அம்மா?" என்றாள் லைலா.

"உனக்குப் பிடிச்ச பின் சீட்டுலயே உக்காரு," என்றாள் ரொஸ்னா.