கிளெனிஸின் வலது கால்

கிளெனிஸ் தென் லண்டனில் பதினெட்டு ஆண்டுகள் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். ஒரு மழைநாளில் யார் வீட்டுப் படியிலோ வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் பத்தே நாளில் வலது கால் மரக்கட்டை போல இழுபடத் தொடங்கியது. ஸ்கேனில் எந்தக் குறையும் இல்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று ஒரு டாக்டர் சொன்னது, "நடிக்கிறாய்" என்றுதான் அவள் காதில் விழுந்தது. கணவன் ஆல்வின் காதிலும் அப்படித்தான்.

இரண்டு வருடம் கழித்து, இப்படி இழுபடும் கால்களுக்கு ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கு வந்தாள். நான் அங்கே நர்ஸ். நரம்பு டாக்டர் அவளைப் படுக்கவைத்து, ஆல்வினின் கையை அவளுடைய வலது குதிகாலுக்கு அடியில் வைத்தார்.

"வலது காலால அமுக்குங்க." அசைவே இல்லை.

"இப்ப இடது காலைத் தூக்குங்க."

தூக்கினாள். ஆல்வின் திடுக்கிட்டான். "அடேயப்பா, வலது கால் என் கையை நசுக்குதே!"

"பலம் இருக்கு. நடக்கணும்னு நினைக்கிறப்போ மட்டும் மூளையோட கட்டளை போய்ச் சேரல. இது நடிப்பில்லைங்க" என்றார் டாக்டர். ஆல்வின் தரையைப் பார்த்தான்.

மருந்து நாள் வந்தது. சைலோசைபின், ஒரு வகைக் காளானில் இருக்கும் மருந்து. சில மணி நேரம் மனத்தை வேறெங்கோ கொண்டுபோகும்.

"கடவுள் வந்தா என்ன பேசறது?" என்றாள் மாத்திரையை விழுங்கிவிட்டு.

"தபால் ஏதும் இருக்கான்னு கேளுங்க" என்றேன்.

கண்ணைக் கட்டிப் படுத்திருந்தவள், நண்பகலில் அழுதாள். "ரெண்டு வருஷமா இந்தக் காலை முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன், எப்ப விழவைக்கும்னு. பாவம், அது எப்படி நடக்கும்?" அவள் வலது கால் பெருவிரல் அசைந்தது. மாலையில் கால் மறுபடி கட்டையானது.

மறுநாள் நடைப் பயிற்சி தரும் டாமிலோலா, "பின்னாடி நடங்க. காலைப் பாக்காதீங்க, என் மூஞ்சியைப் பாருங்க" என்றாள்.

"முன்னாடியே முடியல, பின்னாடியா?"

ஒன்பது அடி சீராக நடந்து, வராந்தாக் கோடியில் நின்ற ஆல்வின் மேல் போய் மோதினாள்.

"மன்னிச்சுக்கோ, கிளென்."

"இடிச்சது நான்தானே?"

"அதுக்கில்ல."

"தெரியும்" என்றாள்.

எட்டு வாரம் பயிற்சி தொடர்ந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். நல்ல நாட்களில் தடியே வேண்டாம். தெருத்தெருவாகப் போக முடியாததால் தபால் நிலையத்திலேயே இருந்து தபால்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறாள். குணமாக்கியது மருந்தா, பயிற்சியா, இரண்டுமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதே மருந்தை எடுத்த இன்னொருவருக்கு ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியாக வந்த அன்று லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். ஆல்வின் ஒரு படி கீழே, அவளைப் பிடிக்காமல், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி இறங்கினான்.