பழைய அளவு

தையற்கடையில் அவளுக்கு ஒரே ஒரு விதி. உடுப்பு ஏன் தளர்ந்தது, ஏன் இறுகியது என்று யாரிடமும் கேட்க மாட்டாள். தொப்பை போட்டவர்களும் இளைத்தவர்களும் திரைக்குப் பின்னாலிருந்து கூசிக்கொண்டே வெளியே வருவார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்ப்பாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டால் கேள்வி வராது என்று சிரிப்பாள். இந்த நல்ல பழக்கம்தான் வீட்டில் அவள் காலை வாரிவிட்டது.

அவள் கணவருக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரில் என்ன அழுக்கு கலந்திருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவார். ஒருமுறை டாக்டர், சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள், நடங்கள் என்றார். மனிதர் குறைத்தார், நடந்தார், சர்க்கரையும் இறங்கியது. டாக்டரே தட்டிக்கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு விடத் தெரியவில்லை.

இனிப்பு போனது. பிறகு எண்ணெய், பிறகு பால், பிறகு கடையில் பொட்டலமாக வருகிற எல்லாமே. பழத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, தோலைச் சீவி, அப்புறமும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஆபீசில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். யார் வீட்டு விருந்துக்கும் அவர் போவதில்லை. அவர் போகாததால் அவளும் போவதில்லை. கடைசியில் அவள் சமையலும் அவருக்கு ஆகாமல் போனது.

"உன்னைச் சொல்லலை," என்றார். "பாத்திரத்துல பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும். நானே வேகவச்சுக்கறேன்."

"இத்தனை வருஷமா அந்தப் பாத்திரம்தாங்க உங்களுக்குச் சோறு போட்டுச்சு."

"அதான் சொல்றேன்."

அன்றிலிருந்து அடுப்பு இரண்டு, சாப்பாட்டு நேரம் இரண்டு. அவள் எதையாவது வதக்கினால் எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று திறப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் சமையலறையில் நின்றபடியே ரொட்டியும் முட்டையும் தின்று முடிப்பாள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு தனிமை. ஆள் உட்காராத சாப்பாட்டு மேசையில் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"மெலிஞ்சுக்கிட்டே போறீங்க. எடையாவது பாருங்களேன்," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"நான் என்ன இளைக்கவா சாப்பிடறேன்? சுத்தமா இருக்கச் சாப்பிடறேன். என் உடம்பு எனக்குத் தெரியும்," என்று எரிந்து விழுந்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பேண்ட் இடுப்பில் தளர்ந்தால் கடைக்கு எடுத்துப் போய்ச் சத்தமில்லாமல் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள். சட்டைக்குப் பக்கவாட்டில் ஒரு தையல். அவள் கை பட்ட எதையும் அவர் வாயில் வைப்பதில்லை. உடம்பிலாவது போட்டுக்கொள்கிறாரே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தாள். ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டவள் பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

"என்னப்பா இது, சட்டைக்குள்ள ஆளே இல்லையே!"

"போம்மா. போன வருஷம் போட்ட அதே சட்டை. கச்சிதமா இருக்கு பாரு. மெலிஞ்சிருந்தா தொளதொளன்னு தொங்காதா?"

முகத்தில் ஜெயித்துவிட்ட களை. சமையலறை வாசலில் நின்ற அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யார் சொல்வதையும் நம்பாத மனிதர் இத்தனை நாளும் அவள் தையலை நம்பியிருக்கிறார்.

மகள் கெஞ்சினாள், அழுதும் பார்த்தாள். டாக்டரிடம் வர முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஊருக்குக் கிளம்பும்போது மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நமக்கு வேணும்மா. நீயாவது ஏதாவது பண்ணு," என்றாள்.

மறுநாள் கடைக்கு வந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவருடைய உடுப்புகளை மடியில் போட்டுக்கொண்டு பிரித்தாள். ஒரு தையலுக்குள் இன்னொரு தையல், அதற்குள் இன்னொன்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதையும் பிரித்துவிட்டால் அவருக்கென்று செய்ய அவளிடம் வேறொன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கடைசி நூல்வரை உருவிப் போட்டாள்.

காலையில் அவர் பேண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது யாரோடது?"

"உங்களோடதுதாங்க."

"என்னோடது சரியா இருக்கும்."

"நான் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சேன், அதனால சரியா இருந்துச்சு. எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். இதுதான் உங்க பழைய அளவு."

உள்ளே போனார். அலமாரி திறந்தது, ஹேங்கர்கள் மோதிக்கொண்டன, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது கண்ணாடி முன் நின்றிருந்தார். இந்தமுறை அவள் துணியைப் பார்க்கவில்லை. துருத்திய கழுத்தெலும்பை, கன்னத்துக் குழியை, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"மறுபடி பிடிச்சுக் குடு. ஆபீசுக்கு நேரமாச்சு." குரல் கெஞ்சியது.

"மாட்டேங்க."

மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டுத் தன் தட்டை அங்கே கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவரும் வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் தட்டில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன எண்ணெய்?"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"பயமா இருக்கு," என்றார். "சாப்பிடவும் பயமா இருக்கு. இனிமே சாப்பிடாம இருக்கவும் பயமா இருக்கு."

முட்டையில் பாதியைப் பிட்டு இன்னொரு தட்டில் அவர் பக்கம் வைத்தாள். அவர் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

"டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

"எப்படி வர்றது? பேண்ட் இடுப்புல நிக்காதே."

அவரை எழுப்பி, பின்னால் நின்று, இடுப்புத் துணியைச் சேர்த்துப் பிடித்தாள். ஒரு கைப்பிடி நிறைய வந்தது. நூலை எடுக்கவில்லை. ஊக்கு மட்டும் குத்தினாள்.