எர்த் இல்லாத வீடு

ஐஸ் பெட்டியின் மேல் சரிந்த மாலையை இழுத்துவிடப் போன சின்னம்மா கண்ணாயி, வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"நொம்ப ஜில்லுனு இருக்குது" என்றாள்.

மேனகா புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். குளிர் அல்ல. மழைக்காலத்தில் சமையலறை சுவிட்சில் அவளும் அம்மாவும் வாங்குகிற அதே சுருக். மரக்கரண்டிக் காம்பால் சுவிட்சைத் தட்டப் பழகியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்ல அம்மா பூவாயி விட்டதில்லை. குறை சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயம். அன்று விடியற்காலையில் மூச்சு நிற்கும்வரை அந்தப் பயம் அவளுக்குப் போகவில்லை.

மேனகா மெயினை அணைத்தாள். பெட்டியை யாரும் தொட வேண்டாம் என்றாள்.

தம்பி வெங்கடேஷ் புனேயில் ரயில் ஏறியிருந்தான். மறுநாள் காலையில்தான் நாகலூர் வந்து சேருவான். பெட்டி ஓடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் தாய்மாமன் காளியண்ணன்.

வீட்டுக்காரர் அண்ணாதுரை மாலையோடு வந்தார். சுவிட்சிலும் பெட்டியிலும் ஷாக் அடிப்பதை அத்தனை பேர் முன்னாலும் மேனகா அவரிடம் சொன்னாள்.

"முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"அம்மா பயந்துச்சுங்க."

அவர் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

ஏற்காட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் ஆண்டனி ராஜ் பைக்கில் வந்தார். பெட்டியின் ஒயர் அடியில் தோல் உரிந்து தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு வீட்டில்: பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்கு, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பியே இல்லை. பின்னால் குளியலறை கட்டியபோது அறுத்துவிட்டிருந்தார்கள். ஓதம் ஏறிய சுவர் வேறு.

ஒயரை மாற்றினார். புதிய எர்த்துக்குக் குழி வேண்டும் என்றதும் அண்ணாதுரை கடப்பாரையை எடுத்துக்கொண்டு தானே பின்பக்கம் போனார்.

"செத்தவளுக்கு எதுக்குங்க இத்தன சோதன?" என்றார் காளியண்ணன்.

"இருக்கறவங்களுக்குங்க. கட்டிப் புடிச்சு அழப்போறது நீங்கதான" என்றார் ஆண்டனி ராஜ்.

கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் மெயின் பக்கத்தில் மாட்டி, அதன் பட்டனை அழுத்திக் காட்டினார். விளக்குகள் அணைந்தன. மறுபடி போட்டுவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்தபின் பெட்டியின் மேல் முழு உள்ளங்கையையும் பதித்தார்.

"தொடலாமுங்க."

அதற்கே காத்திருந்ததுபோல் கண்ணாயி அக்காவின் பெட்டிமேல் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

பக்கத்து இரண்டு வாடகை வீடுகளையும் பார்த்துவிடச் சொன்னார் அண்ணாதுரை. அதை முடித்த ஆண்டனி ராஜ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. மேனகா பைக் வரைக்கும் கூடப் போய், வண்டி காபிச் செடிகளுக்குள் திரும்பி மறையும்வரை நின்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வெங்கடேஷ் வந்தான். தோள்பையைக்கூட இறக்காமல் இரண்டு கைகளாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்தான். அவனை விலக்கிவிடக் கண்ணாயி எழுந்தாள். வேண்டாம் என்று மேனகா தலையசைத்தாள்.

மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சில் கண்ணாடி மங்க மங்க, சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.