தொரொந்தால் மாவட்டத்தை நான் மீட்ட விதம்

ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசின் ஒரு மாவட்டம் முழுவதையும் நான் தனியாளாக மீட்டிருக்கிறேன். படை இல்லை, பீரங்கி இல்லை. பதினொன்றரைக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன்.

என் சிநேகிதன் பொன்னம்பலம் இதை நம்பமாட்டான். பாரிஸில் நம்மவர் கூடும் லா சப்பலில் இருபத்தைந்து வருடமாக நான் சொன்ன எதையுமே அவன் நம்பியதில்லை. "பென்சன் எடுத்த நாள் துவக்கம் உனக்குக் கதை விடுறதுதான் வேலை" என்பான்.

2010 மே மாதம். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மதலேனுக்கு அறுபத்தெட்டு வயது. சனிக்கிழமை யோன் என்பவரைக் கலியாணம் செய்ய இருந்தாள். யோனுக்கு எழுபத்தொன்று, செவ்வாய்க்கிழமை அவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. அதற்கு முன் அவருடைய மனைவியாகிவிட வேண்டும் என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய அடையாள அட்டை தொலைந்துபோனது. "உங்கள் அப்பா வெளிநாட்டில் பிறந்தவர். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த பத்திரம் எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதன் நகல் இருந்தால்தான் அட்டைக்குப் பதிலாகத் தற்காலிகச் சான்று. சான்று இருந்தால்தான் கலியாணம்.

மதலேனின் அப்பா 1908இல் பிறந்தது ஹங்கேரி இராச்சியத்தின் தொரொந்தால் மாவட்டத்தில். முதலாம் உலகப்போர் முடிய அதை மூன்று நாடுகள் பிய்த்துக்கொண்டன. மதலேன் மூன்று தூதரகங்களுக்கும் ஏறி இறங்கினாள். ஒவ்வொன்றும் மற்றதைக் கை காட்டியது.

லா சப்பலில் பாதிப்பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். மற்றப் பாதிப்பேரின் படிவங்கள் எல்லாம் பிழை. ஆகவே வியாழக்கிழமை மதலேனோடு அந்த அலுவலகத்துக்கு நானும் போனேன். கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட இருந்த பொன்னம்பலமும் வந்தான்.

இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். மதலேன் கைப்பையை ஆயிரம் தடவை திறந்து மூடினாள். பொன்னம்பலம் கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்து, "காத்து வாங்கிக்கொண்டு வாறன்" என்று வெளியே போய்விட்டான். நான் நடந்த நடைக்குப் பாரிஸுக்கு வெளியே இருக்கும் சார்செலுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கடைசியில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "கொவாச் என்ற குடும்பப் பெயரில் உங்கள் அப்பா இல்லை. தொரொந்தால் என்று ஒரு நாடும் இல்லை" என்றாள்.

மதலேன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுடைய அப்பாவின் பழைய பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். 'கொவாச் யானோஷ்' என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் பெயர் பாலச்சந்திரன். பிரெஞ்சுக் கடுதாசிகளில் நான் முசியே நாகமுத்து, அதாவது திருவாளர் நாகமுத்து. நாகமுத்து என் அப்பா. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதினேன். அதையே எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தைத் தாண்டாத அந்த மனிதர் முப்பது வருடமாகப் பிரான்சில் வரி கட்டுகிறார். பெயர் இடம் மாறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கா தெரியாது?

"ஹங்கேரிக்காரர் குடும்பப் பெயரை முன்னால் சொல்லுவார்கள். அந்தக் காலத்தில் எழுதியவர் மாற்றிப் பதிந்திருப்பார். யானோஷைக் குடும்பப் பெயராகப் போட்டுத் தேடுங்கள்" என்றேன்.

முந்நூறு யானோஷ் வந்தார்கள். சரி, முப்பத்தொன்று.

"பிறந்த இடத்துக்கு நாடு வேண்டாம். தொரொந்தால் என்று மட்டும் அடியுங்கள்."

நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவள் அடித்தாள். திரையில் ஒரே ஒரு மனிதர் மிஞ்சினார். அந்த இளம்பெண் நகலை அச்செடுத்து, ஓரத்தில் ஏதோ எழுதித் தந்தாள். மதலேன் சந்தோசத்தில் என் தோளில் அடித்த அடி இன்றைக்கும் நோகிறது.

வெளியே வந்து சொன்னேன். பொன்னம்பலம் கேட்டுவிட்டு, "அவளுக்குக் கிடைச்சது நல்லது. ஆனா நீ கண்டுபிடிச்சனியெண்டது புளுகு. கொம்பியூட்டர் கண்டுபிடிச்சிருக்கும்" என்றான்.

"ஓம், அது தன்பாட்டிலை யோசிச்சது."

"உன்னை விட அது யோசிக்கும்."

சனிக்கிழமை நகரசபையில் மதலேன் கலியாணப் பதிவில் கையெழுத்துப் போட எழும்பினாள். பத்திரங்கள் இருந்த கோப்பைப் பொன்னம்பலத்திடம் கொடுத்தாள். அவன் அதைப் புரட்டிக்கொண்டே நின்றான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக்கு முன் ஒருவர் மட்டும் யோனைப் பார்க்கலாம் என்றார்கள். "யார் மனைவி?" என்று தாதி கேட்டாள். மதலேன் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் இரண்டு பேரும் நடைவழியில் மேலும் கீழும் நடந்தோம். பத்தாவது சுற்றில் பொன்னம்பலம் நின்றான்.

"அந்த நகலின்ரை ஓரத்திலை அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலை இருந்த பெட்டை எழுதி வைச்சிருக்கிறாள். கூட வந்தவர் சொன்ன மாதிரித் தேடிக் கிடைச்சதெண்டு."

"எப்ப பாத்தனி?"

"சனிக்கிழமையே வாசிச்சிட்டன்" என்றான், கதவைப் பார்த்தபடி. "நடந்ததுதான், மச்சான்."